பில் எப்போ சார் பாஸாகும்?

உங்க காலேஜ்ல ப்ளேஸ்மென்ட் சீஸன் ஆரம்பிச்சாச்சா? அயர்ன் பண்ணின சட்டை, சீனியர்கிட்ட கடன் வாங்கின டை, ரூம்மேட்டோட ஷூ... எல்லாம் ரெடியா? அப்படின்னா நீங்களும் என்னை மாதிரி ஆடிட்டோரியத்துல உட்கார்ந்து, பெரிய கம்பெனிகளோட ‘ப்ரீ ப்ளேஸ்மென்ட் டாக்’ கேட்டிருப்பீங்க. தூக்கம் வந்திருக்கும். தப்பில்லை, எனக்கும் வந்தது!

ஆனா ஒரு ஸ்லைடு மட்டும் என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. அந்த மேட்டரைத்தான் இப்போ உங்ககிட்ட சொல்லப் போறேன்.

ஸ்லைடு நம்பர் 7

போன வருஷம் எங்க காலேஜுக்கு ஒரு பெரிய கம்பெனி வந்தது. பெயர் வேண்டாமே, ப்ளீஸ்... எனக்கு இன்னும் ப்ளேஸ்மென்ட் பாக்கி இருக்கு! மேடையில் ஹெச்.ஆர். மேடம் அருமையா பேசினாங்க. ஏழாவது ஸ்லைடு வந்ததும் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, “லாபம் எங்க ரிசல்ட்தான். எங்க பர்ப்பஸ் அது இல்லை” என்றார். திரையில் அஞ்சு வட்டங்கள். வாடிக்கையாளர், ஊழியர், சப்ளையர், சமூகம், பங்குதாரர். அஞ்சு பேரும் ஒரே குடும்பமாம். பஞ்ச பாண்டவர் மாதிரி!

“சம்பளம் எந்த ஸ்லைடுல வரும்டி?” என்று பக்கத்தில் இருந்த தோழி கிசுகிசுத்தாள். நான் பதில் சொல்லவில்லை. கை தட்டிக்கொண்டிருந்தேன். நிஜமாவே பிடிச்சிருந்தது பாஸ். வெறும் காசுக்காக இல்லாம, ஒரு நோக்கத்துக்காக ஓடுற கம்பெனியில் வேலை பார்த்தா எப்படி இருக்கும் என்று கனவே வந்துவிட்டது.

அந்தக் கனவோடத்தான் மூணாம் வருஷம் முடிஞ்சதும் அதே கம்பெனியில் ஆறு வார இன்டர்ன்ஷிப் கேட்டு அப்ளை பண்ணினேன். கிடைச்சது! மெக்கானிக்கல்ல எங்க கிளாஸ் பொண்ணுங்க மொத்தமே நாலு பேர். அதுல ஒருத்திக்கு பெரிய கம்பெனியில் இன்டர்ன்ஷிப்னா சும்மாவா? கேன்டீன்ல எல்லாருக்கும் பஃப்ஸ் வாங்கிக் கொடுத்தே பர்ஸ் காலி!

‘மேல’ன்னா யாரு?

இங்கே எங்க வீட்டைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். கோயம்புத்தூர் கணபதியில் அப்பாவுக்கு ஒரு சின்ன லேத் பட்டறை. ரெண்டு லேத், ஒரு மில்லிங் மெஷின், வேலைக்கு ரெண்டு அண்ணன்கள். ஷாஃப்ட், புஷ் எல்லாம் கடைஞ்சு ஒரு நடுத்தரக் கம்பெனிக்குக் கொடுப்பார். அவங்க அதை வெச்சு அசெம்பிளி பண்ணி, இன்னும் பெரிய கம்பெனிக்குக் கொடுப்பாங்க.

சின்ன வயசுல இருந்து எங்க வீட்ல தினமும் கேட்கிற டயலாக் ஒண்ணு உண்டு. சாயங்காலம் அப்பா போனை எடுப்பார். “ஏனுங்க தம்பி, அந்த பில்லு என்னாச்சுங்க?” அந்தப் பக்கம் எப்பவும் ஒரே பதில்தான்: “மேல இருந்து இன்னும் வரலீங்கண்ணா.”

மேல! மத்த வீட்ல மேலன்னா கடவுள். எங்க வீட்ல மேலன்னா யாருன்னே தெரியாத ஒரு ஆள். அவர் மனசு வெச்சாத்தான் பில் பாஸாகும். அவர் மனசு வைக்காத மாசத்துல அம்மாவோட செயின் பேங்குக்குப் போகும். என்னோட நாலாவது செமஸ்டர் ஃபீஸ் அப்படித்தான் கட்டினோம். பணம் வந்ததும் செயின் திரும்பும்... அடுத்த செமஸ்டருக்குள்ள மறுபடியும் கிளம்பும். கழுத்துல இருந்ததை விட லாக்கர்ல இருந்த நாள்தான் அதிகம்!

சரி, இன்டர்ன்ஷிப்புக்கு வருவோம். என்னைப் போட்டது பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட்டில். “மெஷின் பக்கம் விடுவாங்கன்னு பார்த்தா எக்ஸெல் ஷீட் கொடுக்குறாங்களே” என்று முதல் நாள் நொந்துபோனேன். ரெண்டாவது நாள் சப்ளையர் லிஸ்ட்டைத் திறந்தேன். கீழே ஸ்க்ரோல் பண்ணிக்கிட்டே போறேன்... திடீர்னு கை நின்னுபோச்சு. அப்பா தினமும் போன் பண்ற அதே நடுத்தரக் கம்பெனியின் பெயர்!

இருபது வருஷமா தேடின ‘மேல’ இதுதான். ஏசி போட்ட ஹால். சுவர்ல அஞ்சு வட்டத்தோட பெரிய போஸ்டர். அதுக்கு நேர் கீழே என் சீட்.

60 எப்படி 98 ஆச்சு?

எனக்குக் கொடுத்த ப்ராஜெக்ட் ரொம்ப சிம்பிள். ஒரு பில் உள்ளே வந்ததிலிருந்து பணம் வெளியே போகும்வரை எத்தனை நாள், எந்த இடத்தில் எத்தனை நாள் நிற்கிறது என்று கணக்குப் போடணும். தெர்மோடைனமிக்ஸ் பேப்பரை விட இது ஈஸின்னு நினைச்சேன்.

சப்ளையரோட ஒப்பந்தத்தில் இருந்தது 60 நாள். ஒரே ஒரு பில்லை மட்டும் உங்களுக்குச் சொல்றேன், பாருங்க.

ஏப்ரல் 3-ம் தேதி லாரி கேட்டுக்குள் வந்தது. செக்யூரிட்டி நோட்டுல என்ட்ரி போட்டாச்சு. சரக்கு இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போய் வரிசையில் நின்றது. ஏப்ரல் 17-ம் தேதிதான் ‘சரக்கு வந்து சேர்ந்தது’ என்று சிஸ்டத்தில் ஏற்றினார்கள். இதைத்தான் ஜி.ஆர்.என். என்பாங்க. கம்பெனியைப் பொறுத்தவரை அதுக்கு முன்னாடி அந்தச் சரக்கு உலகத்திலேயே இல்லை! சரி, 17-ல் இருந்து நாளை எண்ணுவாங்களான்னு பார்த்தா, அதுவும் இல்லை. மாசக் கடைசியில் இருந்துதான். ஏப்ரல் 30-ல் இருந்து 60 நாள் எண்ணினா ஜூன் 29. அப்போ பணம் வருமா? வராது. ஏன்னா பேமென்ட் போடுறது மாசத்துக்கு ஒரு தடவை, 10-ம் தேதி மட்டும்தான். ஆக, ஜூலை 10.

எண்ணிப் பாருங்க. 98 நாள். யாரும் பொய் சொல்லலை. யாரும் சட்டையைப் பிடிச்சு ஏமாத்தலை. ஒப்பந்தப்படி 60 நாள்தான்! ஆனா 98.

இதுல கம்பெனிக்கு என்ன லாபம்னு கேட்கறீங்களா? மாசம் ஒரு கோடிக்குச் சரக்கு வாங்குற கம்பெனி, பணத்தை ஒரு மாசம் தள்ளிக் கொடுத்தா, எப்பவுமே ஒரு கோடி ரூபாய் வட்டியில்லாம கையில் நிற்கும். பேங்க்ல போய் கையெழுத்துப் போட வேண்டாம், அடமானம் வேண்டாம். அந்த வட்டியை வேற யாரோ கட்டுறாங்க. யாருன்னு எங்க அம்மாவோட செயினைக் கேளுங்க!

இதுல இன்னொரு கொடுமை, ஜி.எஸ்.டி. பில் போட்டாச்சுன்னா வரி கட்டியாகணும். பணம் கைக்கு வந்துச்சா இல்லையான்னு அது கேட்காது. வராத பணத்துக்கு அப்பா வரி கட்டின மாசங்கள் நிறைய.

“என் அப்ரைசல்ல அது இல்லைம்மா!”

எனக்கு கைடாக இருந்த சார் வில்லன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிடறேன். டீ வாங்கிக் கொடுப்பார், பொறுமையா சொல்லித் தருவார். அவரிடமே கேட்டுவிட்டேன். “சார், நாளை கேட்ல வந்த தேதியில இருந்து எண்ணினா என்ன?”

சிரித்தார். “ஏம்மா, போஸ்டரைப் பார்த்துட்டுக் கேட்கிறியா? என் அப்ரைசல்ல என்ன இருக்கு தெரியுமா? சப்ளையருக்குப் பணம் கொடுக்க நான் எத்தனை நாள் எடுத்துக்கிறேன்னு ஒரு நம்பர். அது ஏறினா எனக்கு போனஸ். இறங்கினா மெமோ. ‘சப்ளையர் நம்ம குடும்பம்’ங்கறதுக்கு மார்க்கே கிடையாதும்மா.”

ஃப்ரெண்ட்ஸ், ஆறு வாரத்தில் நான் கத்துக்கிட்ட ஒரே பாடம் இதுதான். சுவர்ல ஒட்டியிருக்கிறது கம்பெனி என்ன சொல்லணும்னு ஆசைப்படுதுங்கறது. அப்ரைசல் பேப்பர்ல இருக்கிறதுதான் கம்பெனி என்ன செய்யுதுங்கறது. ரெண்டும் ஒண்ணா இருந்தா அது பர்ப்பஸ். இல்லைன்னா வெறும் பெயின்ட்.

அமெரிக்காவுல என்ரான்னு ஒரு கம்பெனி இருந்தது, கேள்விப்பட்டிருப்பீங்க. மரியாதை, நேர்மை, தகவல் பரிமாற்றம், மேன்மைன்னு நாலு கொள்கை வெச்சிருந்தாங்க. கணக்குல அவங்க பண்ணின தில்லுமுல்லு வெளியே வந்து, 2001 டிசம்பரில் திவால்! நாலுல ‘நேர்மை’யும் ஒண்ணுங்கறதுதான் காமெடி.

ஃப்ரீட்மேன் தாத்தா சொன்னது

மண்டை காய்ஞ்சுபோய், இந்த ‘பர்ப்பஸ்’ எங்கே இருந்து வந்ததுன்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். செமஸ்டருக்கு இவ்வளவு படிச்சிருந்தா யுனிவர்சிட்டி ரேங்க்கே வாங்கியிருக்கலாம்!

மில்டன் ஃப்ரீட்மேன் என்று ஒரு பொருளாதார மேதை. 1976-ல் நோபல் வாங்கியவர். அவர் 1970 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் மேகஸினில் ஒரு கட்டுரை எழுதினார். விஷயம் இதுதான்: சட்ட திட்டத்துக்கு உட்பட்டு லாபம் சம்பாதிப்பதுதான் ஒரு கம்பெனியின் சமூகப் பொறுப்பு. மேனேஜர் செலவு பண்றது அடுத்தவங்க காசு, அந்தக் காசுல அவர் தர்மம் பண்ணக்கூடாது. ஊருக்கு என்ன நல்லதுங்கறதை ஊரே ஓட்டுப் போட்டு, சட்டம் போட்டு முடிவு பண்ணட்டும். படிக்கிறப்ப கோபம்தான் வந்தது. ஆனா தாத்தா சொன்னதுல ஒரு பாதி உண்மை இருக்கு. அது என்னன்னு அப்புறம் சொல்றேன்.

அதுக்கும் முன்னாடியே ஹென்றி ஃபோர்டு மாட்டியிருக்கார். 1914-ல் தொழிலாளர்களுக்கு ஒரு நாளைக்கு 5 டாலர் என்று அறிவிச்சு அசத்தியவர் அவர். பிறகு, பங்குதாரர்களுக்குக் கூடுதல் டிவிடெண்ட் கிடையாது, அந்தப் பணத்துல தொழிலைப் பெருக்கி, கார் விலையைக் குறைச்சு, இன்னும் நிறையப் பேருக்கு வேலை கொடுக்கப் போறேன்னு சொன்னார். பங்குதாரர்களான டாட்ஜ் சகோதரர்கள் கோர்ட்டுக்குப் போனாங்க. 1919-ல் மிச்சிகன் உச்ச நீதிமன்றம், கம்பெனி என்பது முதலில் பங்குதாரர்களின் லாபத்துக்காகத்தான் என்று சொல்லி, டிவிடெண்டைக் கொடுக்க வெச்சது.

அப்படியே 2019-க்கு வாங்க. ஆகஸ்ட் 19. அமெரிக்காவின் பெரிய கம்பெனித் தலைவர்கள் சங்கமான பிசினஸ் ரவுண்ட்டேபிள் ஒரு அறிக்கை விட்டது. ஆப்பிள், அமேசான் உட்பட 181 தலைவர்கள் கையெழுத்து. கம்பெனி பங்குதாரருக்கு மட்டும் இல்லை. வாடிக்கையாளர், ஊழியர், சப்ளையர், சமூகம் எல்லாருக்கும்தான் என்று சொன்னாங்க. எங்க ஆடிட்டோரியத்துல பார்த்த அந்த அஞ்சு வட்டம் அச்சு அசலா இதேதான். சப்ளையர்களிடம் நேர்மையா நடந்துக்குவோம்னு தனியா ஒரு வரியே இருக்கு!

சூப்பர்ல? ஆனா ஹார்வர்ட் சட்டக் கல்லூரியைச் சேர்ந்த லூசியன் பெப்சுக், ராபர்ட்டோ டல்லாரிட்டா ரெண்டு பேரும் ஒரு சின்ன வேலை பண்ணினாங்க. “கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி உங்க டைரக்டர் போர்டுல ஒப்புதல் வாங்கினீங்களா?” என்று அந்தக் கம்பெனிகளுக்கே எழுதிக் கேட்டாங்க. பதில் சொன்னது 48 கம்பெனி. அதுல 47-ல் போர்டு ஒப்புதல் இல்லை! நம்ம வீட்ல ஒரு மிக்ஸி வாங்கறதுக்கே அம்மாகிட்ட கேட்கிறோம். கம்பெனியோட நோக்கத்தையே மாத்தறதுக்கு யாரையும் கேட்கலைன்னா, எதுவும் மாறப்போறதில்லைன்னு அவங்களுக்கே தெரியும்னுதானே அர்த்தம்?

நிஜமா முயற்சி பண்ணினவங்களும் உண்டு. பிரான்ஸ் நாட்டு டனோன் 2020 ஜூனில் தன் சட்ட விதிகளையே மாத்தி ‘நோக்கமுள்ள கம்பெனி’ ஆச்சு. 99 சதவிகிதப் பங்குதாரர்கள் ஓ.கே. சொன்னாங்க. ஃப்ரீட்மேன் சிலையை நீங்க சாய்ச்சுட்டீங்கன்னு தலைவர் இமானுவல் ஃபேபர் பெருமையா பேசினார். அடுத்த மார்ச், 2021... பங்கு விலை சரியில்லைன்னு முதலீட்டாளர்கள் சிலர் நெருக்கினாங்க. ஃபேபர் அவுட்! சிலை சாயலை பாஸ், சாய்ச்சவர்தான் சாய்ஞ்சார்.

அப்போ பர்ப்பஸே டுபாக்கூரா? அப்படியும் சொல்ல முடியலை. நம்ம மதுரையிலேயே பதில் இருக்கு. டாக்டர் ஜி.வெங்கடசாமி 58 வயசுல அரசு வேலையில் ரிடையர் ஆகி, 1976-ல் 11 படுக்கையோட அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பிச்சார். பார்வை போகாம தடுக்கணும், அதுதான் நோக்கம். கட்ட முடிஞ்சவங்க கட்டுற பணத்துல, முடியாதவங்களுக்கு இலவசமாவோ குறைஞ்ச செலவிலோ ஆபரேஷன். கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸ் வெளிநாட்டுல இருந்து வந்தப்போ விலை அதிகம்னு, 1992-ல் அரோலேப் ஆரம்பிச்சு தாங்களே தயாரிச்சாங்க. இது கம்பெனி இல்லை, டிரஸ்ட்தான். ஒத்துக்கறேன். ஆனா பாருங்க, இங்கே நோக்கம் சுவர்ல இல்லை. யாருக்கு எவ்வளவு ஃபீஸ்ங்கற கணக்குலயே இருக்கு. கணக்குக்குள்ள போன நோக்கத்தை அவ்வளவு சுலபமா கழட்டி வீச முடியாது.

மார்ச் மாசத்து அதிசயம்

இப்போ ஃப்ரீட்மேன் தாத்தாவோட அந்தப் பாதி உண்மை.

சின்னத் தொழில்களுக்கு 45 நாளுக்குள்ள பணம் கொடுத்தாகணும்னு நம்ம நாட்டுல 2006-லயே சட்டம் வந்தாச்சு. எழுதின ஒப்பந்தம் இல்லைன்னா 15 நாள்தான். தாமதமானா, ரிசர்வ் பேங்க்கின் பேங்க் ரேட்டைப் போல மூணு மடங்கு கூட்டு வட்டி! நாளை எண்ண ஆரம்பிக்கிறதும், பதினஞ்சு நாளுக்குள்ள எழுத்துல குறை சொல்லலைன்னா, சரக்கு வந்து சேர்ந்த நாளில் இருந்துதான். நான் கைடு சார்கிட்ட கேட்டேனே, அதே கேட் தேதி! 2017-ல் புகார் பண்ண ‘சமாதான்’ வெப்சைட் கூட ஆரம்பிச்சாங்க.

“ஏம்ப்பா, புகார் பண்ண வேண்டியதுதானே?” என்று கேட்டேன். அப்பா லேத்தில் இருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். “புகார் பண்ணினா பழைய பில்லு வந்துரும் கண்ணு. புது ஆர்டர் யார் கொடுப்பா?” சட்டம் இருந்தும் பயன் இல்லாததுக்கு இதை விடச் சின்ன விளக்கம் எந்த புக்லயும் இல்லை.

பிறகு 2023 பட்ஜெட்டில் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று ஒரு பிரிவைச் சேர்த்தாங்க. குறு, சிறு தொழிலுக்கு அந்தக் கெடுவுக்குள்ள பணம் கொடுக்கலைன்னா, அதை அந்த வருஷத்துச் செலவா காட்டி வரிச் சலுகை வாங்க முடியாது. எப்போ கொடுக்கறாங்களோ அந்த வருஷம்தான். புகாரே வேண்டாம், தாமதம் பண்றவர் பாக்கெட்டே அவரைக் கடிக்கும்!

2024 மார்ச். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அப்பா போன் பண்ணாமலேயே அந்த நடுத்தரக் கம்பெனியில் இருந்து போன். “அண்ணா, பழைய பாக்கியெல்லாம் போட்டு விட்டாச்சுங்க.” அப்பா ரெண்டு தடவை மெசேஜைப் படிச்சுப் பார்த்தார். அன்னிக்கு வீட்ல மட்டன்!

அம்பது வருஷமா உலகமே நோக்கத்தைப் பத்திப் பேசுது. எங்க வீட்டுக்குப் பணம் வந்தது ஒரு வரிப் பிரிவால. அதனால, விதியை ஊர் போடட்டும்னு ஃப்ரீட்மேன் சொன்னது சரி. ஆனா மீதிப் பாதி? அந்த போன்ல அடுத்த வரி என்ன தெரியுமா? “இந்த மாசச் சரக்குக்கு ஏப்ரல் தேதி போட்டு பில் கொடுத்துடுங்கண்ணா.” சட்டம் வந்த வேகத்துலயே சந்தும் வந்தாச்சு! அவங்களையும் குத்தம் சொல்ல முடியலை. அவங்க ‘நடுத்தர’ லிஸ்ட்ல இருக்கறதால, மேல இருக்கிற பெரிய கம்பெனிக்கு அவங்க விஷயத்துல இந்தக் கெடு கிடையாது. மேல 98 நாள், கீழே 45 நாள். நடுவுல மாட்டினா யாரா இருந்தாலும் சந்துதான் தேடுவாங்க.

சட்டம் எல்லாச் சந்துலயும் போய் நிற்க முடியாது ஃப்ரெண்ட்ஸ். அங்கே நிற்கிறது ஒரு மனுஷன். எக்ஸெல் ஷீட்டைத் திறந்து வெச்சுக்கிட்டு, கேட் தேதியா ஜி.ஆர்.என். தேதியான்னு முடிவு பண்ற ஒருத்தர். பர்ப்பஸ்னு ஒண்ணு இருந்தா அது வேலை செய்ய வேண்டிய இடம் அதுதான்.

நானும் ‘மேல’!

இப்போ வெட்கமான பார்ட். இன்டர்ன்ஷிப் கடைசி நாள், ப்ளான்ட் ஹெட் முன்னாடி பிரசன்டேஷன். அந்த 98 நாள் கதையை ஒரு ஸ்லைடா போட்டிருந்தேன். முதல் நாள் சாயங்காலம் பார்த்த கைடு சார், “நல்லா இருக்கும்மா. ஆனா பி.பி.ஓ. வர்ற நேரத்துல எதுக்கு?” என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

நைட்டெல்லாம் தூங்கலை. காலையில் அந்த ஸ்லைடை டெலிட் பண்ணிட்டேன்.

பிரசன்டேஷன் முடிஞ்சதும் ப்ளான்ட் ஹெட் கேட்டார்: “நம்ம பர்ப்பஸ்ல உனக்குப் பிடிச்சது எது?” அஞ்சு வட்டத்தையும் மனப்பாடமா ஒப்பிச்சேன். கைதட்டல். சர்டிஃபிகேட். க்ரூப் போட்டோ.

அன்னிக்கு ராத்திரி பட்டறைக்குப் போனேன். சனிக்கிழமை. அப்பா ரெண்டு அண்ணன்களுக்கும் வாரக்கூலி எண்ணிக்கொடுத்துக் கொண்டிருந்தார். “பெரிய கம்பெனி எப்படி இருந்துச்சு கண்ணு?” என்றார். எல்லாத்தையும் கொட்டினேன். டெலிட் பண்ணினதையும்.

திட்டுவார்னு நினைச்சேன். சிரிச்சார். “அப்ப நீயும் ‘மேல’ ஆயிட்டீன்னு சொல்லு.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரே சமாதானம் சொன்னார். “விடு சாமி. நானும் இரும்புக் கடைக்காரர்கிட்ட ‘மேல இருந்து வரல’ன்னு சொல்றவன்தான். அவருக்கு நான்தான் மேல. ஆனா சனிக்கிழமைக் கூலியை மட்டும் இதுவரைக்கும் தள்ளிப்போட்டதில்ல. அவங்களுக்கு அன்னிக்குத்தான் அரிசி வாங்கோணும்.”

பட்டறைச் சுவரில் போஸ்டர் எதுவும் இல்லை. கிரீஸ் படிஞ்ச ஒரு காலண்டர்தான். அதில் சனிக்கிழமைகள் மட்டும் பேனாவால் வட்டம் போட்டிருக்கு. அதைச் சின்ன வயசுல இருந்து பார்க்கிறேன், எதுக்குன்னு கேட்டதே இல்லை.

நாலே நாலு கேள்வி

நான் அந்தக் கம்பெனி இன்டர்வியூவுக்குப் போவேனா? போவேன் பாஸ். எஜுகேஷன் லோன் இருக்கு, வீர வசனம் பேச வசதியில்லை. ஆனா ‘எங்களிடம் ஏதாவது கேட்கணுமா?’ன்னு கடைசியில் கேட்பாங்களே... எல்லாரும் ‘நோ சார்’னு சிரிச்சுட்டு எழுந்து வர்ற அந்த இடம்... அதுக்கு நாலு கேள்வி ரெடி பண்ணி வெச்சிருக்கேன். நீங்களும் எடுத்துக்கங்க, காப்பிரைட் கிடையாது!

ஒண்ணு: சின்ன சப்ளையருக்குப் பணம் கொடுக்க எத்தனை நாள் ஆகுது? எந்தத் தேதியில் இருந்து எண்றீங்க?

ரெண்டு: உங்க பர்ப்பஸ்ல இருக்கிற எந்த வரிக்கு மேனேஜரோட அப்ரைசல்ல மார்க் உண்டு?

மூணு: இந்தப் பர்ப்பஸுக்காக லாபத்தை விட்டுக்கொடுத்த ஒரு சம்பவம் சொல்ல முடியுமா?

நாலு: கான்ட்ராக்ட் தொழிலாளியும் அந்த ‘ஊழியர்’ வட்டத்துக்குள்ள வர்றாரா?

பணிவா கேளுங்க, சிரிச்சுக்கிட்டே கேளுங்க. நல்ல கம்பெனியா இருந்தா பதில் இருக்கும். பதில் இல்லாத கம்பெனியில் வேலை கிடைச்சாலும் தப்பில்லை, போங்க. ஆனா ஒண்ணு... இன்னும் ரெண்டே வருஷத்துல அந்த எக்ஸெல் ஷீட் முன்னாடி உட்காரப்போறது நாமதான். போன் அடிக்கும். அந்தப் பக்கம் யாரோ ஒரு அப்பா, “ஏனுங்க, அந்த பில்லு என்னாச்சுங்க?” என்பார்.

‘மேல இருந்து வரல’ன்னு சொல்றதுக்கு முன்னாடி, ஒரு தடவை கேட் தேதியைப் பார்த்துடுங்க.

பி.கு.: அந்த ஸ்லைடை டெலிட் பண்ணினேனே தவிர, ரீசைக்கிள் பின்னைக் காலி பண்ணலை. கைடு சாருக்கு நேத்து மெயிலில் அனுப்பிட்டேன். பதில் இன்னும் வரலை. எத்தனை நாள் ஆகுதுன்னு எண்ணிக்கிட்டு இருக்கேன்!